வளையல் நேராகக் கீறாது

நிறுத்தாமல் இழுக்க வேண்டும். இதில் இருக்கிற சூட்சுமம் அவ்வளவுதான். இரண்டு சின்ன பேரிங்கை ஒரு குறட்டின் வாயில் பொருத்தி நானே செய்துகொண்ட கருவி இது. தகட்டின் ஓரத்தை அந்தச் சக்கரங்களுக்கு நடுவில் கொடுத்து, பிடியை அமுக்கிக்கொண்டு, எட்டடி நீளத்துக்கும் பின்பக்கமாகவே நடந்து இழுத்தால் ஓரம் ஒரு நூல் கீழே சாயும். பார்த்தால் தெரியாது. ஸ்கேலை வைத்தால் அடியில் வெளிச்சம் ஓடும், அப்போதுதான் தெரியும். நடுவில் நின்றால் போச்சு, நின்ற இடத்தில் சக்கரம் பள்ளம் போட்டுவிடும், அந்தப் பள்ளத்தை எந்தச் சுத்தியாலும் எடுக்க முடியாது. இது எதற்கு என்றால், ஒரு தகட்டின் மேல் இன்னொரு தகடு ஏறி உட்கார்ந்து, இரண்டையும் சேர்த்து ரிவெட் அடிக்கும்போது, ரிவெட்டுக்கும் ரிவெட்டுக்கும் நடுவே மேல்தகடு லேசாகத் தூக்கிக்கொள்ளும். பஸ்ஸில் அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள். சந்தை மறைக்க மேலே ஒரு பீடிங் பட்டையை ஓட்டி, பட்டியைத் தடவி, பெயிண்டை அடித்து, பக்கவாட்டில் ஒரு மயிலையும் வரைந்துவிட்டால் முதலாளி கும்பிட்டு எடுத்துப்போவார். முப்பத்தோரு வருசம் கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டினவன் நான், ராக்கியப்பன், என் கை படாத தகடு இந்த ஜில்லாவில் ஓடவில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். இது விமானம், இதில் பீடிங் கிடையாது. காற்று அந்த ஓரத்தில் விரலை விட்டுத் தூக்கும். அதனால்தான் ஓரத்தை முன்கூட்டியே ஒரு நூல் சாய்த்து வைப்பது, ரிவெட் அடித்ததும் அது தானாகவே கீழ்த்தகட்டை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். இது கடைசித் தகடு. இறக்கையின் அடிப்பக்கத்தை மூடுகிற தகடு. நாளைக் காலையில் லோகு வருகிறான், சாந்தாமணியின் தம்பி, என் மச்சினன், இந்த விமானத்தை ஓட்டப்போகிறவன். அவன் வந்ததும் இரண்டு பேருமாக இதை மூடிவிடுவோம். மூடிவிட்டால் உள்ளே இருப்பதை அப்புறம் யாரும் பார்க்கப்போவதில்லை. அந்தக் கீறலையும்.

ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன், பிசிறு இல்லை. மூன்று தடவை அரம் போட்டாயிற்று, நைலான் நாரால் தேய்த்தாயிற்று. பஸ் பட்டறையில் பிசிறோடு தகட்டைத் தூக்கித் தூக்கி உள்ளங்கை முழுக்கத் தழும்பு எனக்கு, கைரேகை பார்க்கிறவன் பார்த்தால் ஓடிப்போய்விடுவான். இங்கே பிசிறு இருந்தால் அங்கிருந்து விரிசல் கிளம்பும் என்று லோகு சொல்லித்தான் தெரியும். ஒன்பது வருசத்துக்கு முன்னால் ஒரு கட்டு வரைபடத்தைக் கொண்டுவந்து இந்த மேசை மேல் விரித்தான். சென்னையில் விமானம் ஓட்டச் சொல்லித்தருகிற வேலை அவனுக்கு. "மாமா, பஸ் கட்டற கை இதையுங் கட்டும். தகடு எல்லாம் தகடுதான்" என்றான். தகடு எல்லாம் தகடு இல்லை, அது அவனுக்கும் தெரியும், என்னைக் கிளப்பிவிடுவதற்காகச் சொன்னான், நானும் கிளம்பிவிட்டேன். மூன்றரை மணி இருக்கும். வீட்டை ஒட்டின கொட்டகை இது, மேலே சிமெண்ட் ஷீட்டு சூட்டைக் கொட்டுகிறது, மின்விசிறி அதையே சுற்றி அடிக்கிறது. பக்கத்துக் குடோனில் தறி ஓடுகிற சத்தம். வீட்டுக்குள் சீரியலில் ஒரு பெண் அழுகிறாள், சாந்தாமணி அதைப் பார்க்கமாட்டாள், ஆனால் ஓடவிட்டுக்கொண்டு வெங்காயம் உரிப்பாள். நாலு மணிக்கு டீ கொண்டுவருவாள். உள்ளே வரமாட்டாள். வெளியே கவிழ்த்து வைத்த டிரம் மேல் டம்ளரை வைத்துவிட்டு, ஷட்டரில் விரல் முட்டியால் இரண்டு தட்டு. டக், டக். நான் போய் எடுப்பதற்குள் திரும்பிவிட்டிருப்பாள், முதுகுதான் தெரியும். இரண்டு வருசமாக இப்படித்தான். ஒரு வார்த்தை குறைத்துப் பேசினதில்லை, சாப்பாட்டில் உப்புக் குறைத்ததில்லை, என் அம்மா திவசத்துக்கு நான் மறந்தாலும் அவள் மறந்ததில்லை. இந்தக் கொட்டகைக்குள் மட்டும் கால் வைப்பதில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் ரெண்டு கத்து கத்தி முடித்திருப்பேன். அவள் போடவில்லையே.

முதல் இழுப்பு லேசாக. பிடியில் பாதி அழுத்தம்தான், தகட்டுக்கு எந்தப் பக்கம் சாயப்போகிறோம் என்று சொல்லிவைப்பதற்கு. பின்னால் நடக்கிறேன், ஒரு அடி, இரண்டு அடி, சக்கரம் சிணுங்குகிறது, நேராகத்தான் வருகிறது. ஏழு வருசம் இந்தத் தகட்டின் மறுமுனையைப் பிடித்தவள் அவள். ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் வெளியே ரிவெட் துப்பாக்கி பிடித்து அடிக்க, இன்னொருவர் உள்ளே கையை விட்டு இரும்புக் கட்டியைத் தாங்கிப் பிடிக்க. டாலி என்போம் அந்தக் கட்டியை. பட்டறையில் எனக்கு டாலி பிடித்தவர்கள் எத்தனையோ பேர், ஒருத்தனுக்கும் இவள் காது கிடையாது. அடி விழும்போது சத்தம் கடைசியில் ஒரு சுருதி இறங்கும், ரிவெட்டின் வால் போதுமான அளவு நசுங்கிவிட்டது என்று அர்த்தம். எனக்கு எண்ணித்தான் தெரியும். அவள் கேட்டே சொல்வாள், "போதுமுங்க" என்று. அந்தப் போதுமுங்கவுக்கு மேல் ஒரு அடி அடித்தால் ரிவெட் கெட்டிருக்கும், ஒரு அடி குறைத்தால் தளர்ந்திருக்கும். அளந்து பார்த்திருக்கிறேன். எட்டாவது வரை படித்தவள், நெற்றியில் வேர்வை வழிய, இறக்கைக்குள் தோள் வரைக்கும் கையை விட்டுக்கொண்டு, "போதுமுங்க" என்று சொல்லும்போது எனக்கு ஒரு பெருமை வரும், அதை அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. என்னவோ சொன்னால் தலைக்கு ஏறிவிடும் என்று நினைப்பு. யார் தலைக்கு என்ன ஏறிக் கிடந்தது என்று இப்போது தெரிகிறது. எதிர்வீட்டுக்காரர் கேட்பார், "ராக்கியண்ணா, உங்க பிளேனு பொங்கலுக்குப் பறக்குதுங்களா, தீவாளிக்குங்களா?" என்று. நான் முறைப்பேன். அவள், "எந்தப் பொங்கல்னு கேளுங்கண்ணா" என்பாள். அவரைவிட அவள் கிண்டல்தான் உறைக்கும், அதில் நானும் சிரித்துவிடுவேன். ஆறு அடி, ஏழு, எட்டு. முடிந்தது. மூச்சு விட்டேன்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் அந்தக் கீறல் கண்ணில் பட்ட அன்றைக்கு லோகு இருந்தான். அவன் இல்லாமல் இருந்திருந்தால் நான் அப்படிப் பேசியிருப்பேனா, இந்தக் கேள்வியை எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் போட்டாயிற்று, பேசியிருக்கமாட்டேன் என்றுதான் வருகிறது, அது எனக்கு இன்னும் கேவலம். இறக்கை இதே மாதிரி கவிழ்ந்து ஸ்டாண்டில் கிடந்தது. பின் உத்தரம் பொருத்தி, விலாக்களை அதில் ரிவெட் அடித்து முடித்து, பச்சைப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் தின்னர் தொட்ட துணியால் அவள் துடைத்துக்கொண்டு வந்தாள். உத்தரம் என்றால் இறக்கையின் பின்பக்கம் நீளவாக்கில் ஓடுகிற நீண்ட மடிப்பு, வீட்டு உத்தரம் மாதிரியேதான், அதில்தான் இறக்கையின் குறுக்கே நிற்கிற விலாக்கள் எல்லாம் தொங்குகின்றன. துடைத்த கை நின்றது. "ஏனுங்க, இங்கொரு கோடு இருக்குதுங்க." பார்த்தேன். மடிப்பின் முதுகிலேயே, மடங்குகிற இடத்திலேயே, தலைமுடி மாதிரி ஒரு கீறல், கண்ணுக்குத் தெரிந்தவரை ஒரு முழம் நீளம். தகட்டில் எங்கே வேண்டுமானாலும் கீறல் விழலாம், தேய்த்து எடுத்துவிடலாம். மடிப்பில் விழக்கூடாது. இறக்கை மேலும் கீழும் வளைகிற ஒவ்வொரு தடவையும் இழுபடுகிற இடம் அது. லோகுவும் குனிந்து பார்த்தான். அவன் முகம் மாறினது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தலைக்குள் ஏதோ கொதித்தது. உத்தரத்தை மடித்தது நான், பட்டறை மெஷினில் ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாதபோது கொண்டுபோய் மடித்தது, என் வேலையில் ஒருத்தன் குனிந்து குற்றம் பார்க்கிறான். அவள் கையைப் பார்த்தேன். ஆறு கண்ணாடி வளையல், கரும்பச்சை. "உன்ற வளையல்தான். எத்தன தடவ சொல்லீருப்பேன், அதக் கழட்டி வெச்சுட்டு வான்னு. ஒரு உத்தரத்தையே நாசம் பண்ணீட்டு நிக்கற." அவளுக்கு முதலில் புரியவில்லை, திரும்பி வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். அப்புறம் நிதானமாகத்தான் சொன்னாள். "வளையல் வளைவாத்தானுங்க கீறும். இது ஸ்கேல் வெச்சாப்பல நேரா இருக்குதுங்களே." அது சரி. அது எவ்வளவு சரி என்று அந்த நொடியிலேயே எனக்கு எங்கோ தட்டினது. தட்டினதால்தான் கத்தினேன். "எனக்கே சொல்லித்தர்றியா? முப்பது வருசமாத் தகட்டுல கெடக்கறவன் நான். டாலி புடிக்க வந்தவ டாலியோட நிக்கோணும்." லோகு, "விடுங்க மாமா. அக்கா, நீயும் விடு" என்றான். நீயும் விடு என்றான், அவனும் நம்பிவிட்டான். அவள் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள், ஒன்று கூட உடையவில்லை, மேசை ஓரத்தில் வைத்தாள், துணியை மடித்து அதற்குப் பக்கத்தில் வைத்தாள், போய்விட்டாள். நான் அவற்றைக் காலி ரிவெட் டப்பா ஒன்றில் போட்டு மேல்தட்டில் வைத்தேன். அவள் கேட்பாள் என்று இருந்தேன். கேட்கவில்லை. அந்தக் கையில் அதற்கப்புறம் கண்ணாடி வளையலே போடவில்லை, அவள் அம்மா வந்து, "கட்டுக்கழுத்தி கைய மொட்டையா வெச்சுட்டு நிக்கறா பாரு" என்று திட்டினபோது, "வேலைக்கு எடஞ்சலா இருக்குதும்மா" என்று மட்டும் சொன்னாள். நான் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். அதைப் போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றி.

குறட்டின் திருகை அரைச்சுற்று இறுக்கினேன். இரண்டாவது இழுப்புதான் உண்மையான இழுப்பு. அதற்கு முன்னால் ஓரத்தில் ஒரு குறி வைத்துக்கொள்ளலாம் என்று கை சட்டைப்பைக்குப் போகிறது, பார், இப்போதும் போகிறது. அங்கே ஒன்றும் இல்லை. முப்பத்தோரு வருசம் அங்கே எஃகு ஊசி ஒன்று இருந்தது, தகட்டில் கோடு இழுக்கிற ஊசி. பட்டறையில் பென்சில் ஆகாது, கை பட்டு அழிந்துவிடும், ஸ்கேலை வைத்து ஊசியால் ஒரே இழுப்பு, மடிக்கிற கோடு. கோட்டின் கடைசியில் சின்னதாக இரண்டு கீறல், இது ராக்கியப்பன் அளந்தது, மறுபடியும் அளக்க வேண்டியதில்லை என்பதற்கு. பட்டறை முழுக்க அது எல்லோருக்கும் தெரியும். "அண்ணன் ரெண்டு போட்டுட்டாரு, மடிச்சர்றா" என்பார்கள். விமானத் தகட்டில் ஊசி கூடாது, ஸ்கெட்ச் பேனாதான் என்று முதல் நாளே லோகு படித்துப் படித்துச் சொன்னான், நானும் கொட்டகைக்குள் வந்தால் ஊசியை எடுத்து டிராயருக்குள் போட்டுவிடுவேன். ஆனால் உத்தரத்தை மடித்தது இங்கே இல்லை. பட்டறையில். அந்த மெஷின் முன்னால் போய் நின்றதும் கை பழைய கையாகிவிட்டது. நான் கத்தின மூன்றாம் நாள் மத்தியானம், டார்ச்சை எடுத்துக்கொண்டு கோடு எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டே போனேன், அது கடைசி விலாவின் காதுக்கு, உத்தரத்தின் மேல் மடிந்து உட்காருகிற அதன் நுனிக்கு, அடியில் போய் மறைந்தது. அந்தக் காதுக்கு வெளியே இரண்டு நுனி எட்டிப் பார்த்தது. இரண்டு சின்னக் கீறலின் நுனி. விலாவை ரிவெட் அடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது, அதற்கு அடியில் யார் வளையல் போகும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது எழுந்து வீட்டுக்குள் போயிருக்கலாம். இருபது அடி தூரம். அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள், தாளிக்கிற வாசனை கொட்டகை வரைக்கும் வந்தது. போய், சாந்தா, அது நான்தான், என்று சொல்லியிருந்தால் அவள், "சரி, வந்து சாப்பிடுங்க" என்றுகூடச் சொல்லியிருப்பாள். நான் என்ன செய்தேன், உப்புத்தாளை எடுத்தேன். கோட்டைத் தேய்த்தேன். காதுக்கு அடியில் தாள் போகவில்லை, அதை விட்டுவிட்டேன். மேலே பச்சைப் பெயிண்டை அடித்தேன், ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக. பீடிங் ஓட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். லோகு போனில் கேட்டபோது, "தேச்சு எடுத்தாச்சு, மேலாப்புலதான் இருந்துச்சு" என்றேன். "நீங்க பாத்துட்டாச் சரிங் மாமா" என்றான். நான் பார்க்கவில்லை. பார்ப்பது எப்படி என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், லோகு எங்கள் இரண்டு பேருக்கும்தான் சொல்லித்தந்தான். தேய்த்த இடத்தில் கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே இழுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் சரி. மாட்டினால் அந்தச் சாமானைத் தூக்கிப் போட வேண்டும். இரண்டு வருசமாக என் நகத்தை அந்த இடத்துக்கு நான் கொண்டுபோகவே இல்லை. பெயிண்ட் காய்ந்துவிட்டது என்று ஒரு சாக்கு, மற்ற வேலை கிடக்கிறது என்று ஒரு சாக்கு. மாட்டும் என்று நகத்துக்கே தெரியும்.

போன் அடித்தது. இழுக்க ஆரம்பிக்கவில்லை, நல்லவேளை. லோகுதான். ஸ்பீக்கரில் போட்டேன், பின்னால் ரயில் நிலையச் சத்தம், டிக்கெட் எடுக்க வந்திருப்பான். "மாமா, ரெடிங்களா? நாளைக்கு மூடீர்லாமுங்களா?" என்றான். ஓரம் இழுத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். "சூப்பருங் மாமா. மொதல்ல நான் ஒருத்தனாப் பத்து மணி நேரம் ஓட்டிப் பாக்கோணும். அப்பறம் பக்கத்து சீட்டு அக்காளுக்குத்தான், சொல்லீட்டேன். அவ வரமாட்டேங்கறா, நீங்க சொல்லுங்க." நான், "பாக்கலாம்" என்றேன். "உள்ள எல்லாம் ஒருக்காப் பாத்துட்டீங்கல்ல?" என்று கேட்டான், சும்மா கேட்கிற மாதிரிதான். "ம்" என்றேன். அவ்வளவுதான், ஒரு ம். வைத்துவிட்டான். கண்டக்டர் விசிலடிக்கிற மாதிரி ஒரு ம், வண்டி கிளம்பிவிட்டது. லோகுவுக்கு ஐந்து வயசில் நான் சாந்தாமணியைக் கட்டினேன், மணவறையில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திரிக்கமாட்டேன் என்று அழுதவன். அவனை அவள்தான் தூக்கி வளர்த்தாள். அவன் மேலே இருப்பான். இறக்கை ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு விரற்கடை மேலே போய்க் கீழே வரும், ஆயிரம் தடவை, பத்தாயிரம் தடவை. ஒன்றும் ஆகாது, தேய்த்தாயிற்றே, ஒருவேளை உண்மையாகவே மேலாப்பில்தான் இருந்ததோ என்னவோ. ஆகாமலும் போகலாம். ஆனால் ஆகிவிட்டால்? அப்போதும் அவள் வளையல்தான் என்று இருக்கும். அவள் தம்பியை அவள் வளையல் கொன்றது என்று இருக்கும், அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இருக்க வேண்டி வரும், வளைவாகத்தான் கீறும் என்று தெரிந்தும்கூட, ஒருவேளை, ஒருவேளை என்று. தண்ணீர் குடித்தேன். அப்புறம், என்ன மனுசன் நான், குறட்டைக் கையில் எடுத்தேன்.

இரண்டாவது இழுப்பு. முழு அழுத்தம். பின்னால் ஒரு அடி. தகடு நன்றாகப் படிகிறது, ஓரம் சாய்வது கைக்குத் தெரிகிறது, இந்த மாதிரி ஓரம் நான் இழுத்ததே இல்லை. இரண்டு அடி. நாளை மூடிவிட்டால் நிம்மதி, எதைப் பற்றியும் யோசிக்க வேண்டாம், பெயிண்ட், என்ஜின், என்று வேலை தலைக்கு மேலே கிடக்கிறது. மூன்று அடி. பேரிங் சிணுங்கல் சீராக இருக்கிறது. அவள் இருந்தால் கேட்டே சொல்லிவிடுவாள், சரியாக வருகிறதா இல்லையா என்று. நாலு அடி, நிற்கக்கூடாது, இப்போது எதற்காகவும் நிற்கக்கூடாது, யார் வந்தாலும், நாலரை. டக், டக். ஷட்டரில் இரண்டு தட்டு. இரண்டு. எப்போதும் இரண்டுதான், இரண்டு வருசமாக இரண்டு, ஆனால் இன்றைக்குத்தான் அது எனக்கு இரண்டு கீறலாகக் கேட்டது. கால் நின்றுவிட்டது. குறடு நின்றுவிட்டது. சக்கரம் தகட்டில் அமுங்கி உட்காருவது கையில் தெரிந்தது. பள்ளம் விழுந்துவிட்டது, போகட்டும், நான் குறட்டை அப்படியே தொங்கவிட்டுவிட்டு ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கினேன்.

அவள் திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தாள். "சாந்தா" என்றேன். நின்றாள். "டீ ஆறுதுங்க" என்றாள், திரும்பாமல். "உள்ள வா." "எதுக்குங்க?" சொல்ல வேண்டியதை மனசில் இரண்டு வருசமாக எத்தனையோ விதமாக அடுக்கி வைத்திருந்தேன், கடைசியில் வந்தது இவ்வளவுதான். "அந்தக் கோடு நான் போட்டது. வளையல் இல்ல. ஊசி. பட்டறைல வெச்சுப் போட்டேன்" என்றேன். அவள் திரும்பினாள். அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். "எப்பத் தெரியும்?" என்று கேட்டாள். "மூணாம் நாளே." "மூணாம் நாளே" என்று அவளும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். இரண்டு வருசத்துக்கு அப்புறம் வருகிறவள் சுற்றிமுற்றிப் பார்ப்பாள் என்று பார்த்தால் நேராக இறக்கைக்குப் போனாள், இடம் மறக்கவே இல்லை. "தின்னர் எங்கீங்க?" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். துணியில் தொட்டு, அழுத்தித் தேய்த்தாள், பச்சை கரைந்து வழிந்தது, அடியில் வெள்ளைத் தகடு. டார்ச்சை நான் பிடித்தேன், அவள் அதை வாங்கித் தன் தோளில் அண்டக் கொடுத்துக்கொண்டாள். கட்டைவிரல் நகத்தை மடிப்பின் குறுக்கே மெதுவாக இழுத்தாள். "மாட்டுதுங்க" என்றாள். நாலு விரற்கடை தள்ளி மறுபடியும் இழுத்தாள். "இங்கயும்."

நான் மேல்தட்டிலிருந்து டப்பாவை எடுத்தேன், எதற்கு எடுத்தேன் என்று தெரியாது, ஏதாவது கொடுக்க வேண்டும் போல இருந்தது. மூடியைத் திறந்து நீட்டினேன். பார்த்தாள். ஒன்றை எடுத்து விரல்களைக் குவித்துப் போட்டுப் பார்த்தாள். பெருவிரல் முட்டியில் நின்றுவிட்டது. ஏழு வருசம் டாலி பிடித்த கை, அதிர்ச்சி வாங்கி வாங்கி முட்டியெல்லாம் வீங்கிப்போயிருந்தது, இதுகூட நான் பார்த்ததில்லை. "இனி ஏறாதுங்க" என்றாள், கோபமாக இல்லை, பால் வாங்கவில்லை என்று சொல்கிற மாதிரி, வளையலை டப்பாவில் போட்டு மூடியை அழுத்தினாள். "லோகுக்குப் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லீர்றேன். இது புதுசா மடிச்சு அடிக்க ஒரு வருசம் ஆயிரும்" என்றேன். அதுதான் அவளை உசுப்பினது. "எதுக்கு வர வேண்டாம்?" என்றாள். குரல் உயரவில்லை, ஆனால் என்னை நேராகப் பார்த்தாள். "வரட்டும். அவன வெச்சுட்டுத்தானுங்க என்னையச் சொன்னீங்க. அவன வெச்சுட்டே சொல்லுங்க." நான் தலையாட்டினேன். அவள் துணியை மடித்து மேசை ஓரத்தில் வைத்தாள், அதே இடத்தில். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டபோது கேட்டுவிட்டேன், கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது, ஆனாலும் கேட்டேன். "பிரிச்சுட்டுத் திருப்பி அடிக்கறப்ப நீ டாலி புடிக்க வருவியா?" அவள் கவிழ்த்த டிரம்மையும் அதன் மேல் இருந்த டம்ளரையும் பார்த்தாள். "மொதல்ல பிரிங்க" என்றாள். போய்விட்டாள்.

டீயைக் குடித்துவிட்டு டிரில்லை எடுத்தேன். கடைசி விலாவின் காதில் நாலு ரிவெட். நாலும் அவள் போதுமுங்க என்று சொல்லி நான் கையை எடுத்தவை, வால் எல்லாம் ஒரே அளவில், ஒரே வட்டத்தில் இருந்தன. தலையின் நடுவில் டிரில்லை நிறுத்தி ஒன்று எடுத்தேன், உள்ளே தண்டைத் தட்டித் தள்ளினேன். கெட்டியாகப் பிடித்திருந்தது, லேசில் வரவில்லை. இரண்டாவது. மூன்றாவது. நாலாவதைத் தட்டியதும் காது விட்டுக்கொடுத்தது, விரலால் நகர்த்தினேன். இரண்டு கீறலும் முழுசாகத் தெரிந்தன. உப்புத்தாள் படாதவை, பெயிண்ட் படாதவை, நேற்றுப் போட்ட மாதிரி பளபளவென்று இருந்தன, ராக்கியப்பன் அளந்தது, மறுபடியும் அளக்க வேண்டியதில்லை. சுவரில் இருந்த விளக்கை எடுத்து ஸ்டாண்டில் கட்டி அதன் மேல் வெளிச்சம் விழுகிற மாதிரி திருப்பி வைத்தேன். நாளைக்கு லோகு உள்ளே வந்ததும் முதலில் இதைப் பார்க்கட்டும்.